உன் பிஸ்டனும் அப்பாவின் கேம்ஷாஃப்டும்

கண்ணா,

வாய் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தி.நகர் பள்ளியில் அத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கத்தியதற்குப் பலன், குரல்வளையில் சின்னச் சின்ன முடிச்சு விழுந்திருக்கிறதாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குக் கிசுகிசுக்கக்கூடக் கூடாது, மீறிப் பேசினால் ஆபரேஷன் வரை போய்விடும் என்றார். அப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அப்ப இனிமே அவன்கிட்ட யாரு சொல்றது?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்குமே தொண்டை வேண்டும் என்பதால் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதை நோட்டுத் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறேன். தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தே வைப்பேன், அப்பாவும் படிக்கட்டும். ரம்யாவுக்கும் ஒரு நகல் போகும். அவளுக்கு ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உன் கார் விஷயம்.

வெள்ளிக்கிழமை அந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. காலையில் ராகுகாலத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாய். அதெல்லாம் இப்போது நடக்காது. உன் பிஸ்டனும் அப்பா வாங்கிய கேம்ஷாஃப்டும் ஒரே இன்ஜினில் சேர்ந்து இருக்க முடியாது. சாவியைத் திருப்பி வேகம் கொடுத்தால் வால்வு இறங்கி வந்து பிஸ்டன் தலையில் மோதும். போன வருஷம் ஈசிஆர் ரோட்டில் பெல்ட் அறுந்து வண்டி நின்றதே, அன்றைக்கு வளைந்த மாதிரியே மறுபடியும் எல்லாம் வளையும். அதைச் சரிபண்ண இத்தனை மாதமாக இரண்டு பேரும் பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் அரை நிமிஷத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

எப்படி இப்படி ஆனது என்று நீ கேட்பாய். இரண்டு சாமானிலும் குற்றம் இல்லை. நீ ஜெர்மனியில் இருந்துகொண்டு, இருப்பதிலேயே நல்ல பிஸ்டனாகத் தேடினாய். தலை உயரமாக எழும்பியிருக்கும், பெட்ரோல் கலவையை இறுக்கி அடைக்கும், வேகம் பிய்த்துக்கொண்டு போகும் என்று எனக்கு வீடியோ காலில் படம் போட்டுக் காட்டினாய். அப்பா இங்கே இருந்துகொண்டு, ரேஸ் வண்டிகளுக்கு இன்ஜின் செய்யும் ஒருவரை யார் மூலமாகவோ கோயம்புத்தூரில் பிடித்து, இருப்பதிலேயே நல்ல கேம்ஷாஃப்டாகத் தேடினார். வால்வை வழக்கத்தைவிட அதிகமாக இறக்கும், அதிக நேரம் திறந்து வைத்திருக்கும், இன்ஜின் நன்றாக மூச்சு வாங்கும் என்று என்னிடம் சாப்பாட்டு மேஜையில் விரலை வைத்துக் காட்டினார். உயரமாக ஏறுகிற பிஸ்டன், ஆழமாக இறங்குகிற வால்வு. ஒரே பாத்ரூம் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆபீஸ் கிளம்புகிற கதைதான். இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும். ஆனால் நீ என்னிடம் சொன்னாய், அவரும் என்னிடம் சொன்னார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, அப்பாவ கேம்ல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லு. இந்தப் பிஸ்டன்ல வால்வுக்கு விட்டிருக்கிற பள்ளம் ரொம்பக் கம்மி. பழைய கேமே போதும்" என்றாய். அதை அப்படியே நான் சொல்லியிருந்தால் எதுவும் கெட்டிருக்காது. அன்றைக்குத்தான் அவர் கோயம்புத்தூர்க்காரரிடம் பேசி முடித்துவிட்டுச் சந்தோஷமாக வந்து உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. "அவன் என்ன சொன்னான்?" என்றார். "கேம் விஷயத்துல நீங்க பாத்துப் பண்ணுங்கன்னான்" என்று சொல்லிவிட்டுத் தோசை திருப்பப் போய்விட்டேன்.

அவர் பக்கமும் இதே கதைதான். உன் பார்சல் வந்த அன்று பிஸ்டனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்தான். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சிலிண்டர் ஹெட்டை எவ்வளவு செதுக்கியிருக்கோம், வால்வு எவ்வளவு கிட்ட வந்திருக்குன்னு அவனுக்குத் தெரியுமா?" என்றார். நீ போனில் கேட்டபோது நான் உனக்குச் சொன்னது, "அப்பா நல்ல சாமான்னு சொன்னார்." மீதியை முழுங்கிவிட்டேன். கிண்டி இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வாழ்நாள் பூராவும் அளந்து அளந்து, அளவு பிசகிய சாமானைத் திருப்பி அனுப்பிய மனுஷன் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருந்தது.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கண்ணா. இது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீ பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்தது. உங்களுக்குள் சண்டைகூட ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் யாராவது பஞ்சாயத்துப் பண்ணித் தீர்த்திருப்பார்கள். "அம்மா, டூருக்குப் பேர் குடுக்கணும், அப்பாகிட்ட சொல்லு." "அவன் கிரிக்கெட் மட்டையைப் படியிலயே போட்டிருக்கான், சொல்லு அவன்கிட்ட." இரண்டு பேரும் ஒரே ஹாலில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பீர்கள். நான் சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து இவர் சொன்னதை உன்னிடமும், நீ சொன்னதை அவரிடமும் சொல்வேன். அப்போது வேடிக்கையாக இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அபிராமபுரத்தில் நம் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான் இருந்தது என்பதும் உண்மை.

அடையாறு பாலத்து மழையில் நீ பைக்கோடு சறுக்கி விழுந்தாயே, அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக எரிச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நடுவில் கை, முகமெல்லாம் சிராய்ப்போடு நீ. அவர் உன் கையையே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார், "விரலை அசைக்க முடியுதான்னு கேளு." நீயும் அவரைப் பார்க்காமல் என்னிடம், "முடியுதுன்னு சொல்லும்மா" என்கிறாய். பக்கத்தில் நின்ற நர்ஸ் நம் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, வீட்டுக்குப் போகும்போது மருந்துச் சீட்டை அவர் காதருகே கத்தி விளக்கினாள். அவரும் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

உனக்கு ஜெர்மனி வேலை வந்தபோது, "அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று உன்னிடம் சொன்னேன். அவர் சொன்னது வேறு. பால்கனியில் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "போகட்டும். அந்தக் காரை மட்டும் விக்க வேணாம்னு சொல்லு. அது இங்க இருந்தா அதைப் பாக்கவாவது வருவான்" என்றார். காரைப் பற்றிய பகுதியை மட்டும் உன்னிடம் சொன்னேன். நீ, "அவருக்குக் கார்மேல அப்படி என்ன ஆசை?" என்று ஆச்சரியப்பட்டாய். அவருக்குக் கார்மேல் ஆசை இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ கிளம்பும்போது மனது கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன்.

இனி, இது இடிக்கும் என்று எப்படித் தெரியவந்தது என்ற களிமண் கதைக்கு வருகிறேன். நான் பேசக் கூடாது என்று ஆன மறுநாள் நீ போன் பண்ணினாய். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதைச் சூடான டம்ளரைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்.

"ம்."

"அம்மா இல்லியாப்பா?"

"இருக்கா. பேசக் கூடாது."

"ஓ... சரிப்பா. சாப்டீங்களா?"

"ஆச்சு."

"சரிப்பா. வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல ஸ்டார்ட் பண்ணி வீடியோ எடுக்கணும். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

போனை வைத்ததும், அத்தனையையும் காதால் கேட்டுக்கொண்டு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பி, "வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணணுமாம்" என்றார். எழுதிக் காட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த சிலேட்டை எடுத்து அவர்மேல் வீசலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

ஆனால் நான் பேசாததில் ஒரு நல்லது நடந்தது. நீ சொன்னதையும் அவர் சொன்னதையும் யோசித்து யோசித்து நானாகச் சிலேட்டில் ஒரு வரி எழுதினேன். 'பிஸ்டனில் வால்வுக்குப் பள்ளம் கம்மி என்று அன்றைக்கே சொன்னான். நான் உங்களிடம் சொல்லவில்லை.' அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். என்னைத் திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கீழே கார் பார்க்கிங்குக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மெக்கானிக் சேகர் அங்கே எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டத் தயாராக வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, ஒண்ணியும் பேச மாட்றீங்க? சார் மேல காண்டா?" என்றான். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு ரசிக்கவில்லை. "சார், எல்லாமே டாப்பு சாமான் சார். இதுல இன்னா டவுட்டு கீது? எலுமிச்சம்பழத்த வெச்சி ஒரு சுத்து சுத்துனா சும்மா பிச்சிக்கினு போவும் சார்." அப்பா கேட்கவில்லை. மாட வீதிப் பக்கம் போய்ப் பிள்ளைகள் விளையாடுகிற கலர் களிமண் ஒரு டப்பா வாங்கி வரச் சொல்லி அவனையே அனுப்பினார். அசோசியேஷன் செக்ரட்டரி வேறு நடுவில் வந்து, "சார், இது பார்க்கிங், வொர்க்‌ஷாப் இல்ல" என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டுப் போனார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வாய் இருந்தால் அன்றைக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, பிஸ்டன் தலையில் அப்பினார் அப்பா. ஒட்டாமல் இருக்க வால்வில் கொஞ்சம் எண்ணெய் தடவினார். மேலே ஹெட்டை வைத்து, கேஸ்கட்டோடு முறைப்படி முறுக்கி, பெல்ட்டும் மாட்டி, ஸ்பானரைப் போட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினார். சுற்று ஒரே சீராக இருந்தது. பிறகு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். சேகர் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். களிமண்ணில் வால்வு பதிந்த இடம் பிறை மாதிரி தெரிந்தது. அப்பா பிளேடால் அதைக் குறுக்கே அறுத்து, அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார். வெர்னியர் அளவுகோலின் சின்னக் கோடுகள் இப்போது அவர் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. அளந்தது நான். ஒன்றரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டிய இடத்தில் அரைகூட இல்லை. கையால் மெதுவாகச் சுற்றும்போதே அவ்வளவுதான் இடைவெளி. வேகத்தில் எல்லாம் சூடாகி நீளும்போது கண்டிப்பாக இடிக்கும் என்றார். சேகர்கூட எட்டிப் பார்த்து, "அய்ய, மாட்டிக்கினு இருந்திருப்போம் சார்" என்றான்.

ஆக, ஒன்று உன் பிஸ்டன் போக வேண்டும், அல்லது அவர் கேம் போக வேண்டும். பிஸ்டனில் பள்ளத்தை இன்னும் கொஞ்சம் தோண்டலாமே என்று நீ கேட்பாய். அதையும் பார்த்தார். தோண்டினால் தலை மெலிந்துவிடும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். அவர் அப்படிச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை, உனக்கே தெரியும்.

மாடிக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு முடிவு சொன்னார். சொல்லிவிட்டு, பழக்க தோஷம், "அவன்கிட்ட சொல்லிடு" என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "சரி, எழுதி அனுப்பிடு." சிலேட்டில் எழுதினேன், 'நீங்களே சொல்லுங்கள்.' அதைப் படித்துவிட்டு அவர் கேட்டதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. "என் போனை எடுப்பானா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, கண்ணா. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நீ எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் இடையில் நின்றதில் அவருக்கு அது தெரியாமலே போய்விட்டது. மறுநாள் போனை எடுத்து உன் பெயர்வரை கொண்டுபோய், கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தும் பார்க்காதது போல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் ரம்யாவிடமிருந்து மெசேஜ் வந்தது. 'ஆன்ட்டி, உடம்பு எப்படி இருக்கு? வெள்ளிக்கிழமைக்கு எல்லாம் ரெடியான்னு அங்கிள்கிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா? உங்க பிள்ளைதான் கேக்கச் சொன்னார்.' படித்துவிட்டு அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டேன். நான் வாய் மூடி முழுசாக இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் இந்த வேலைக்கு ஆள் பிடித்துவிட்டாய். தை மாதம் கல்யாணம். இன்னும் அந்தப் பெண் நம் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நீ அவளிடம் சொல்ல, அவள் என்னிடம் சொல்ல, நான் அவரிடம் சொல்ல, அவர் மறுபடியும் என்னிடம் சொல்ல. நினைத்தாலே களைப்பாக இருக்கிறது.

அவளும் நல்ல பெண். அதுதான் எனக்குப் பயம். நல்ல பெண்களால்தான் இந்த வேலையைச் சுலபமாக விட முடியாது. யார் மனதும் நோகக் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சொல்ல ஆரம்பிப்பாள். சுள்ளென்ற சொல்லை எடுத்துவிடுவாள், சேர்த்து அதற்குள் இருக்கிற பாசத்தையும் எடுத்துவிடுவாள். நீங்கள் இருவரும் அவள் சமைத்துக் கொடுத்த வார்த்தைகளையே மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, குடும்பம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதில் அவளுடைய பேச்சு என்று எதுவும் மிஞ்சாது. எனக்கு மிஞ்சவில்லை. வாரா வாரம் உன்னோடு அவ்வளவு நேரம் போனில் பேசுகிறேனே, அதில் என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறேனா? தொண்டை கட்டிக்கொண்டு நாலைந்து மாதம் ஆகிறது. உனக்கு டாக்டரிடம் போன பிறகுதான் தெரியும். அதற்குமுன் அதைச் சொல்ல இடமே இல்லை, பேச்செல்லாம் பிஸ்டனாகவும் கேமாகவும் போய்க்கொண்டிருந்தது.

ரம்யா, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் மெசேஜுக்கு நான் பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னை யாராவது அவரிடம் கேள், இவனிடம் சொல் என்றால், போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீ எழுந்து போய்விடு. ஆரம்பத்திலேயே செய்துவிடு. பிறகு முடியாது.

கண்ணா, அப்பா எடுத்த முடிவு என்ன என்று எனக்குத் தெரியும். பிஸ்டனா கேமா என்று ஒரு வார்த்தையில் இங்கே எழுதிவிடலாம். எழுதப்போவதில்லை. என் குரல் திரும்பி வந்த பிறகும் அதைச் சொல்லமாட்டேன். ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று அவர் ஒரு காரணம் சொன்னார், அதை நான் சொன்னால் எப்படியும் நாலு வார்த்தை கூட்டியோ குறைத்தோதான் சொல்வேன். அவர் வாயால் கேட்டுக்கொள்.

அவர் நம்பர் உன்னிடம் இருக்கிறது. காலையில் பேப்பர் படித்து முடித்ததும் கீழே காரிடம் போய்விடுவார், அதற்குமுன் கூப்பிடு. "அம்மா இருக்காங்களா?" என்று ஆரம்பிக்காதே. சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. களிமண்ணில் எவ்வளவுப்பா வந்தது என்று கேள், அவரால் அதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லவே முடியாது. அவர் கத்தினால் நீயும் கத்து. உன் பிஸ்டனுக்காகச் சண்டை போட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போடு. நான் நடுவில் வரமாட்டேன். நீங்கள் இருவரும் பேசுவதை, யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல், ஓரமாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அம்மா